பிடித்ததா, பிடிக்கவில்லையா? காரணத்தைச் சொல்லுங்கள்!

இந்த முறை கேள்விகள் எல்லாம் கிளிவெட்டியிலிருந்தும் அதைச் சுற்றிய கொட்டியாரத்து ஊர்களிலிருந்தும் திருகோணமலை, கந்தளாயிலிருந்தும் வந்தவை. எல்லாம் புத்தகங்களைப் பற்றியவை. புகழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், கோபித்தவர்கள் இருக்கிறார்கள், பாதியில் மூடி வைத்தவர்களும் இருக்கிறார்கள். திட்டு வாங்கும் புத்தகம்கூட உயிரோடு இருக்கிறது. யாரும் பேசாத புத்தகம்தான் செத்துப்போகிறது.

கிளிவெட்டி, உயர்தர மாணவி

கே: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் விடுமுறையில் படித்து முடித்தேன். உலகிலேயே சிறந்த நாவல் இதுதான் என்கிறேன். என் தோழியோ, "ராசாக்களின் கதை, நமக்கென்ன?" என்கிறாள். யார் சரி?

ப: அவள் கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் சொன்னது அவசரத் தீர்ப்பு, மகள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வாசகரைக் காத்திருக்க வைத்து எழுதியவர் கல்கி. நீங்கள் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் தவித்ததற்கு அந்தத் தொடர்கதைக் கட்டுமானம் ஒரு பெரிய காரணம். தோழியிடம் இரண்டாம் பாகத்தைக் கொடுங்கள். வந்தியத்தேவனைக் கடல் கடத்தி இலங்கைக்குக் கொண்டுவருபவள் இளவரசி இல்லை, படகோட்டும் பூங்குழலி. அவளை மட்டும் பின்தொடர்ந்து நாவலைத் திரும்பப் படித்தால் தோழியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். மீதிப் பாதிக்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

மூதூர், மீன் வியாபாரி

கே: எங்கள் ஊர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'யை எல்லோரும் புகழ்கிறார்கள். வாசித்தேன். எங்கள் கரையில் அன்றாடம் நடக்கிற சங்கதிதானே? இதில் என்ன பெரிசு?

ப: அதுதான் பெரிசு. 1925இல் மூதூரில் பிறந்து, ஆசிரியராக வாழ்ந்து, உங்கள் கரையில் நின்றே எழுதியவர் அவர். சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் கடற்கரைப் பையனின் மனதை, கடல் தெரியாத ஊர்க்காரனுக்கும் கடத்தினார். 'தோணி' சிறுகதைத் தொகுதி 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. கரையில் அன்றாடம் நடப்பதை அங்கே நிற்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்தவன் எழுத்தாளன். ஐயா, 'அன்றாடம் நடக்கிறது' என்று ஒரு மீன் வியாபாரி சான்று சொல்வதைவிடப் பெரிய பரிசு அந்தக் கதைக்கு வேறில்லை. அடுத்து அவருடைய 'ஒரு வெண்மணற் கிராமம் காத்துக் கொண்டிருக்கிறது' நாவலைத் தேடிப் பிடியுங்கள்.

கிளிவெட்டி, தையற்காரி

கே: புத்தகத்தைப் பாதியில் விடுவது பாவமா?

ப: இல்லை, தங்கச்சி. பாதியில் விட்ட புத்தகத்துக்கு முழுத் தீர்ப்புச் சொல்வதுதான் பாவம்.

திருகோணமலை, வங்கி ஊழியர்

கே: 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்கிறார்கள். நம்மூர் ஆள் எழுதியது என்ற பெருமைக்காக எடுத்தேன். நடை மலையேறுவது மாதிரி இருக்கிறது. பெருமைக்காக ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டுமா?

ப: வேண்டாம். ஆவலுக்காகப் படியுங்கள். தி. த. சரவணமுத்துப்பிள்ளை அதை வெளியிட்டது 1895இல். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி அப்போது 16 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வரலாற்றை உரைநடைக் கதையாக எப்படிச் சொல்வது என்று அவருக்குக் காட்டித்தரத் தமிழில் முன்னோடி ஒருவரும் இல்லை. கல்கியின் 'பார்த்திபன் கனவு' வருவதற்கு இன்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருந்தது. நாயக்கர் காலத்தை எடுத்துக்கொண்டு, பாதையில்லாத இடத்தில் ஒருவர் பாதை வெட்டியிருக்கிறார். கல்லும் முள்ளும் காலில் படத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், வாய்விட்டுப் படியுங்கள். அக்கால நடை கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் பழகும்.

இன்னொரு செய்தி. அதற்கும் நான்கு ஆண்டு முன்பே, 1891இல், திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை எழுதிவிட்டார். ஐரோப்பியக் கதையொன்றைத் தழுவியது அது. அதற்கும் முன்பே, கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் வெளியிட்டார். ஈழத்து நாவலின் முதற் பத்தாண்டுகளில் இந்தத் துறைமுகப் பட்டினத்திலிருந்து இரண்டு பேர். இதைத் திருகோணமலைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

தோப்பூர், பட்டதாரி

கே: றொபேட் நொக்ஸின் இலங்கை நூலைப் படித்தேன். ஒரு வெள்ளைக்காரன் நம்மைப் பற்றி எழுதியதை நாம் ஏன் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும்?

ப: கொண்டாட வேண்டாம், தம்பி. சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரியுங்கள். புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற கப்பல், பழுதுபார்க்க வந்து நின்ற இடம் உங்கள் கொட்டியாரக் குடா. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவர் மகன் நொக்ஸையும் மாலுமிகளையும் பிடித்துச் சென்றார்கள். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறையில்லாச் சிறையாளியாக வாழ்ந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

கைதியின் கண் அது. அரசன்மேல் கோபம் இருக்கிறது, தன் மதத்தின் மேட்டிமை இருக்கிறது. அதே கண்தான் நெல் விதைப்பு, சூடு மிதிப்பு, சாப்பாடு, கல்யாணம், தண்டனை எல்லாவற்றையும் கிட்ட நின்று பார்த்தது. தப்பி ஓடிய வழியில் வன்னியரின் ஆட்சியில் இருந்த தமிழர் பகுதியைக் கடந்ததையும் பதிந்திருக்கிறார். ஆனால் அவர் பிடிபட்ட கொட்டியாரத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அந்த நூலில் மிகக் குறைவு. அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான வாசகர் இலண்டனில் இல்லை. டானியல் டீஃபோ தன் 'கப்டன் சிங்கிள்டன்' நாவலுக்குள் நொக்ஸின் கதையை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். உங்கள் கரையில் தொடங்கிய கதை ஆங்கில நாவலுக்குள் போயிருக்கிறது. உங்கள் தரப்பு மட்டும் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

சேனையூர், தாதி

கே: புதுமைப்பித்தனைப் படித்தால் மனம் இருண்டுபோகிறது. நாள் முழுக்க நோயாளிகளின் துன்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இது தேவையா?

ப: இன்றிரவுக்குத் தேவையில்லை, அக்கா. களைத்த மனதுக்கு இளைப்பாறப் புத்தகம் தேடுவதில் குற்றமே இல்லை. ஓய்ந்த ஒரு நாளில் 'துன்பக்கேணி'யை எடுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஏழைகளின் கதை அது. 42 வயதில் மறைந்துபோன அந்த மனிதர் இருட்டைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த இருட்டை மறைக்க மறுத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'. தோட்டத்து வாழ்வை அந்த மண்ணிலேயே பிறந்தவர் எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், வெளியே நின்று துடித்த மனதுக்கும் உள்ளே வாழ்ந்த மனதுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். துன்பத்தைத் தினமும் கையால் தொடுகிற உங்கள் தீர்ப்பை அறிய ஆவலாக இருக்கிறேன்.

வெருகல், கணவன் மனைவி சேர்ந்து எழுதியது

கே: அவருக்கு 'வாடைக்காற்று', எனக்கு 'நிலக்கிளி'. வீட்டில் ஒரு கிழமையாக வாக்குவாதம். தீர்த்து வையுங்கள்.

ப: ஒரு கிழமை புத்தகத்துக்காகச் சண்டை பிடிக்கிற வீடு நீடூழி வாழ்க! இரண்டும் 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தவை. குறைந்த விலையில் ஈழத்து நாவலைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுபோன காலம் அது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக்குப் பருவ காலத்தில் தொழிலுக்கு வரும் மீனவரைப் பற்றியது. 1978இல் படமாகவும் வந்தது. சம்பவங்களின் வேகத்தில் அதுதான் முன்னால். பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணீரூற்றுக்கு அப்பால் தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் வாழும் பதஞ்சலி என்ற பெண்ணின் கதை. மனித மனத்தின் ஆழத்தில் இதுதான் முன்னால்.

தீர்ப்பு: கதை கேட்கும் இரவுக்கு 'வாடைக்காற்று', கதை முடிந்த பிறகும் தூக்கம் வராத இரவுக்கு 'நிலக்கிளி'. என் வாக்கு அக்காவுக்கு.

கங்குவேலி, விவசாயி

கே: எங்கள் ஊர் அகத்தியர் தாபனத்தின் பெருமையைச் சொல்லும் திருக்கரைசைப் புராணத்தை விரித்தேன். நாலு பாட்டுக்கு மேல் போக முடியவில்லை. படித்தவர்களுக்கு மட்டும்தானா இது?

ப: இல்லை ஐயா. புராணம் தனியாக இருந்து மௌனமாகப் படிக்க எழுதப்பட்டதல்ல. கோயிலில் ஒருவர் இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஊரே கூடியிருந்து கேட்க எழுதப்பட்டது. நம் கிழக்கிலே கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் கண்ணகி வழக்குரை படிப்பதைக் கேட்டிருப்பீர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் அதன் கதையை ஒழுங்காகச் சொல்வார். மகாவலி கங்கைக் கரையின் தலத்தைப் பாடும் நூல் உங்கள் வயல் வரம்பிலிருந்து தொடங்குகிறது. தமிழ் படித்த ஓர் ஆசிரியரையும் குரல் வளமுள்ள ஒரு பெரியவரையும் சேர்த்து, வெள்ளாமை வேலை ஓய்ந்த நாட்களில் கோயில் மண்டபத்தில் தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டுப் போதும்.

ஈச்சிலம்பற்று, தமிழ் ஆசிரியை

கே: பிள்ளைகள் பாடத்திட்டத்தில் உள்ள கதையைத் தவிர வேறொன்றும் படிப்பதில்லை. அதையும் குறிப்புப் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள்.

ப: ரீச்சர், நாம் கேட்கிற கேள்வியை மாற்றினால் அவர்கள் படிக்கிற விதமும் மாறும். 'கதைச் சுருக்கம் தருக' என்று கேட்டால் குறிப்புப் புத்தகம் போதும். 'இந்தக் கதையில் யாரோடு உனக்குக் கோபம்? ஏன்?' என்று கேட்டால் கதையைப் படித்தே ஆக வேண்டும். அதற்குப் பிழையான விடை கிடையாது, காரணமில்லாத விடைதான் உண்டு. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பதாகை கட்டுவதோடும் பேச்சுப் போட்டியோடும் நின்றுவிடாமல், வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தான் விரும்பிப் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேச இடம் கொடுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்கிற பிள்ளைக்கும் கைதட்டுங்கள். நேர்மையான வாசகர் அங்கேதான் பிறக்கிறார்.

சம்பூர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்

கே: 2006 போரில் ஊரைவிட்டு ஓடியபோது என் தகப்பனார் சேர்த்த அலுமாரி நிறையப் புத்தகங்கள் போய்விட்டன. கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தோம். இப்போது ஊரில் இருக்கிறேன், வீடும் இருக்கிறது. புத்தகங்களை எங்கிருந்து திரும்பத் தொடங்குவது?

ப: ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களுக்காக உலகம் அழுதது, அழத்தான் வேண்டும். ஆனால் மூதூர் கிழக்கிலும் வன்னியிலும் வீட்டு வீடாகப் போன அலுமாரிகளை யாரும் எண்ணவில்லை. ஒரு தகப்பன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, பெயரும் திகதியும் எழுதி அடுக்கிய புத்தகம் எந்தப் பொது நூலகத்துக்கும் குறைந்ததல்ல.

எங்கிருந்து தொடங்குவது? நினைவிலிருந்து. ஒரு கொப்பியை எடுத்து, அந்த அலுமாரியில் இருந்தவற்றில் ஞாபகம் வருகிற பெயர்களை எழுதுங்கள். முழுப் பெயர் வராவிட்டால் அட்டையின் நிறத்தை எழுதுங்கள், தகப்பனார் எதை விரும்பி வாசித்தார் என்று எழுதுங்கள். பிறகு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கிய அந்தப் பணியில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. காசு கட்ட வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம், பேரப்பிள்ளை காட்டித்தருவார். கடையில் எங்கும் கிடைக்காத பழைய நூல் அங்கே உங்களுக்காக இருக்கக்கூடும்.

அந்தக் கொப்பியையும் பத்திரமாக வையுங்கள். 1960களில், 70களில் சம்பூரில் ஒரு குடும்பம் என்ன படித்தது என்பதற்கு அதுவே ஆவணம். ஒரு பிரதி நூலகம் நிறுவனத்துக்கும் போகட்டும்.

மூதூர், கல்லூரி மாணவன்

கே: மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவல் 'மடோல் தூவ'யைத் தமிழில் படித்தேன். நன்றாக இருந்தது என்று சொன்னதற்கு, "முதலில் நம்மவரைப் படி" என்று ஒருவர் கோபித்தார்.

ப: நம்மவரைப் படிக்க வேண்டும் என்பது சரி. அதற்காக அடுத்தவரைப் படிக்காதே என்பது பிழை. 1947இல் வந்த அந்தக் கதையில் குறும்புக்கார உபாலி, தோழன் ஜின்னாவோடு வீட்டை விட்டு ஓடி, வாவியின் நடுவே ஒரு தீவில் பயிர் செய்து வாழ்கிறான். அந்தப் பையனிடம் மூதூர்ப் பையனின் சாயல் தெரிந்ததால்தானே உமக்குப் பிடித்தது? பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளைக்கு 'தோணி'யின் பையனைத் தெரியவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அவர்களுக்கு நம் கதைகளை மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலை உம் தலைமுறைக்குக் காத்திருக்கிறது. இரண்டு மொழியும் படியும் தம்பி.

கிளிவெட்டி, குடும்பத் தலைவி

கே: திருகோணமலை ந. பாலேஸ்வரியின் நாவல்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். 'குடும்பக் கதை' என்று விமர்சகர்கள் ஒதுக்குகிறார்களே?

ப: குடும்பத்துக்குள் நடப்பது சமூகத்துக்கு வெளியே நடக்கிறதா? சீதனம், சந்தேகம், விதவையின் தனிமை, மகளின் படிப்பு எல்லாம் வீட்டுக்குள்தான் தீர்மானமாகின்றன. கிழக்கிலிருந்து பெண்கள் நாவல் எழுதுவது அபூர்வமாக இருந்த நாட்களில் எழுதத் துணிந்தவர் அவர். 'சுடர்விளக்கு', வீரகேசரிப் பிரசுரமாக வந்த 'பூஜைக்கு வந்த மலர்' இரண்டும் அந்தக் காலத்துப் பெண் வாசகர்களை நாவலுக்குள் கூட்டிவந்தன. அவருடைய பாத்திரங்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நல்லவர்கள் என்பது என் குறை. ஆனால் படிக்காமல் ஒதுக்குவது விமர்சனமாகாது. உங்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள் அம்மா. விமர்சகர்களுக்கு அது நல்ல பதிலாக இருக்கும்.

திருகோணமலை, இளம் எழுத்தாளர்

கே: வருடத்துக்கு ஒரு புத்தகமாவது போட்டால்தான் மதிப்பு என்கிறார்கள். உண்மையா?

ப: திருகோணமலையில் வாழ்ந்து 2021இல் மறைந்த நந்தினி சேவியரின் முதல் தொகுதி 'அயற்கிராமத்தைச் சேர்ந்தவர்கள்' 1993இல் வந்தது, 'நெல்லிமரப் பள்ளிக்கூடம்' 2011இல். இடையில் 18 ஆண்டுகள். ஈழத்துச் சிறுகதையைப் பேசுகிற எவரும் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. வேறு பதில் வேண்டுமா?

கந்தளாய், இசை ஆசிரியர்

கே: விபுலாநந்தரின் 'யாழ் நூல்' வாங்கி மூன்று முறை முயன்றேன். கணக்கும் சுருதியும் கலந்து தலை சுற்றுகிறது.

ப: திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்த அந்தத் துறவி, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதியது அது. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஒரு வாழ்நாளின் உழைப்பு மூன்று முயற்சியில் வசப்படாததில் வெட்கம் இல்லை. உங்களுக்கு இசை தெரியும், கணக்குத் தெரிந்த நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீணையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சுருதிக் கணக்கையும் தந்தியில் மீட்டிப் பாருங்கள். அந்த நூலுக்குக் கண் மட்டும் போதாது, கையும் காதும் வேண்டும்.

மல்லிகைத்தீவு, கவிதை ஆர்வலர்

கே: நூல் வெளியீட்டு விழாக்களில் கூட்டம் நிறைகிறது. பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன்?

ப: சிறப்புப் பிரதி வாங்குவதை உதவியாக நினைக்கிறோம், வாசிப்பை மறந்துவிடுகிறோம். கடித உறையில் வைக்கிற காசு அச்சகத்துக் கடனை அடைக்கும். எழுத்தாளன் காத்திருப்பது வேறொன்றுக்காக. பிரதி வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்குள் வாசித்து, பிடித்த ஒரு கவிதையையும் பிடிக்காத ஒரு கவிதையையும் சொல்லி இரண்டு வரி எழுதட்டும். மண்டபம் நிறையக் கைதட்டல் கேட்ட கவிஞனுக்கு அந்த இரண்டு வரி வாழ்நாள் முழுக்க உதவும்.

கிளிவெட்டி, அரிசி ஆலைத் தொழிலாளி

கே: நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாசிகசாலையில் கிடைப்பதை எல்லாம் படிப்பேன். டானியலின் 'பஞ்சமர்' படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதைப் பற்றி எழுத ஆசை. எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ப: அண்ணை, சோறு இறங்காத அந்த இரண்டு நாளே தகுதி. கே. டானியல் பட்டறைத் தொழிலாளியாக வாழ்ந்தவர். 'மல்லிகை'யை 1966 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளியாக இருந்து எழுத்துக்கு வந்தவர். கல்லூரிப் பட்டம் கேட்டிருந்தால் ஈழத்து இலக்கியத்தில் பாதி பிறந்தே இராது.

எழுதும்போது மூன்றைச் சொல்லுங்கள். புத்தகத்தில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது? நீங்கள் கண்ட வாழ்க்கையில் அது எதைத் தொட்டது? எந்த இடத்தில் எழுத்தாளரை நம்ப முடியவில்லை? பெரிய வார்த்தை ஒன்றும் வேண்டாம், ஆலையில் கூட வேலை செய்கிறவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள்.

இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. கொட்டியாரத்து வாசகர் எல்லோருக்கும் சொல்கிறேன். கடைசியாகப் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, உங்கள் ஊர் வாசிகசாலை மேசையில் மற்றவர் பார்க்க வையுங்கள். புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி. காரணம் மட்டும் இருக்கட்டும்.